டெல்டாவில் நிலவடிவமைப்புக்கு விருது: எதைப் பார்த்துக் கொடுப்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது. கும்பகோணத்தில் கட்டட வடிவமைப்பாளர்கள் சிலரும் கல்லூரி ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து, காவிரி டெல்டாவில் நடக்கும் நிலவடிவமைப்புப் பணிகளுக்கு, அதாவது பூங்கா, குளக்கரை, படித்துறை, வளாகம் போன்ற திறந்தவெளிகளை அமைக்கும் வேலைகளுக்கு, ஆண்டுதோறும் விருது வழங்க எண்ணியிருக்கிறார்கள். தொழில் செய்பவர்களுக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று. வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள், அதில் நமக்கு எது பொருந்தும், சிறப்பு என்பதை எந்த அளவுகோலால் தீர்மானிப்பது என்று கேட்டிருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருப்பவன், சில நடுவர் குழுக்களில் உட்கார்ந்தவன், அவற்றில் ஒன்றில் தவறான முடிவுக்குக் கையெழுத்தும் போட்டவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

வெளிநாட்டுக்குப் போகும் முன் நம் ஊர்ப் பேச்சிலேயே ஒரு விருதுப் பட்டியல் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு, மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஓர் ஊருக்கு ஒரு சிறப்புத்தான். எல்லாவற்றிலும் முதலிடம் என்று எந்த ஊரையும் சொல்லவில்லை. தெருவுக்கு அழகு என்று பட்டம் கொடுத்தவர்கள் அந்தத் தெருவில் தேர் இழுத்தவர்கள், வெயிலில் நடந்தவர்கள், திருவிழாக் கூட்டத்தில் நெருக்குப்பட்டவர்கள். திருவாரூரைப் பற்றி இன்னொன்றும் சொல்வார்கள்: கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி. வேலி என்பது பழைய நில அளவு; ஆகவே இது வருணனை அல்ல, கணக்கு. கட்டடத்துக்கு எவ்வளவு நிலமோ அதே அளவு நீருக்கும் பூவுக்கும் என்று ஒதுக்கிய ஒரு திட்டத்தின் சுருக்கம் அது. நீங்கள் எழுதப்போகும் விதிமுறைகள் இந்த அளவுக்குச் சுருக்கமாகவும் தெளிவாகவும் அமைந்தால் நல்லது.

இனி வெளியே நடப்பதைப் பார்ப்போம். இத்துறையில் அதிகம் பேசப்படுவது அமெரிக்க நிலவடிவமைப்பாளர் சங்கத்தின் விருதுகள். அந்தச் சங்கம் 1899-இல் 11 பேரால் தொடங்கப்பட்டது. அவர்களில் பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் ஒருவர் மட்டுமே பெண். தொழில்முறை விருதுகளும் மாணவர் விருதுகளும் அங்கே தனித்தனி. பொது வடிவமைப்பு, குடியிருப்பு, நகர்ப்புறம், ஆய்வும் திட்டமிடலும், ஆராய்ச்சி, தகவல் பரப்பல் என்று பிரிவுகள் வைத்து, ஒவ்வொரு பிரிவிலும் தலைசிறந்ததாக ஒன்றையும் அதற்கு அடுத்த நிலையில் சிலவற்றையும் தேர்ந்தெடுக்கிறார்கள். மாணவர்களுக்குச் சமூக சேவை என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. அதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய இன்னொரு விருது: கட்டி முடித்து 15 முதல் 50 ஆண்டுகள் ஆன ஒரு பணி, தன் மூல வடிவத்தை இழக்காமல் இன்னும் பொதுமக்களுக்குப் பயன்பட்டு வந்தால் அதற்குக் கொடுப்பது. நிலவடிவமைப்பாளர்களின் உலகக் கூட்டமைப்பு 1948-இல் தோன்றியது. அதன் முதல் தலைவர் ஜெஃப்ரி ஜெல்லிகோவின் பெயரில் வழங்கப்படும் விருது ஒரு மனிதரின் வாழ்நாள் பணிக்கானது. ஓர் ஊர் அளவிலான அமைப்பு அதைப் பின்பற்றத் தேவையில்லை. வாழ்நாள் விருது என்று ஆரம்பித்தால் அது விரைவில் மாலை மரியாதையாகிவிடும்.

கட்டடக் கலைக்கான ஆகாகான் விருதிலிருந்து கற்றுக்கொள்ள இரண்டு விஷயங்கள் உண்டு. 1977-இல் நிறுவப்பட்ட அந்த விருது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வழங்கப்படுகிறது. இறுதிச் சுற்றுக்கு வந்த பணிகளை நேரில் போய்ப் பார்த்து, பயன்படுத்துவோரிடம் பேசி, அறிக்கை எழுதித் தர வல்லுநர்களை அனுப்புகிறார்கள். படத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. அடுத்தது, பரிசை வடிவமைப்பாளர் ஒருவரே எடுத்துக்கொண்டு போவதில்லை. பணியைக் கொடுத்தவர், கைவினைஞர், நகராட்சி அதிகாரி என்று உரியவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள்.

நேரில் போவதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நடுவர் குழுவில் இருந்தேன். குளிரூட்டிய அறை, புரொஜெக்டர், ஒரே நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள். அவற்றில் ஒன்று டெல்டாவில் ஒரு சிற்றூரின் குளச் சீரமைப்பு. மாலை வெயிலில் எடுத்த ட்ரோன் படம், நான்கு கரையிலும் கருங்கல், பேவர் பிளாக் பாவிய நடைபாதை, வரிசையாக விளக்குக் கம்பங்கள், காகிதப்பூச் செடிகள், நடுவில் கண்ணாடி போல் தண்ணீர். முதல் பரிசு கொடுத்தோம். இரண்டு ஆண்டு கழித்து ஓர் ஆகஸ்ட் மாதம் அந்த வழியாகப் போனேன். மேட்டூர்த் தண்ணீர் வந்து ஒரு ஃபர்லாங் தள்ளியிருந்த வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருக்க, குளத்தில் முழங்கால் அளவுக்குப் பச்சைத் தண்ணீர்தான் கிடந்தது. படியில் உட்கார்ந்திருந்த பெரியவர் பொதுப்பணித் துறையில் மதகு திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கையிலிருந்த குச்சியால் ஒரு விளக்குக் கம்பத்தைக் காட்டினார். “வரத்து வாய்க்காலோட வாய் இதுக்கு நேர் கீழதான் இருந்துச்சு தம்பி. கல்லு பாவுறப்போ மூடிட்டாங்க. கேட்டதுக்கு, போர் போட்டு நிரப்பிக்கலாம்னாங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நான்காவது ஷீட்டில், பழைய நிலையைக் காட்டும் வரைபடத்தில், மெல்லிய நீலப் புள்ளிக்கோடு ஒன்று வடமேற்கு மூலை வரை வந்து நின்றிருந்தது. புதிய திட்டத்தின் வரைபடத்தில் அந்தக் கோடு இல்லை. நடுவர்கள் ஐந்து பேர் இருந்தோம். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. வடிவமைத்தவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. விண்ணப்பப் படிவமே ‘கருத்துரு’, ‘பொருட்கள்’, ‘நிலைத்தன்மை’ என்றெல்லாம் கேட்டதே தவிர, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கேட்கவில்லை.

ஆகவே என் பதிலின் சாரம் இதுதான்: டெல்டாவில் கொடுக்கப்படும் நிலவடிவமைப்பு விருது முதலில் நீரைப் பற்றிக் கேட்க வேண்டும், அந்தப் பணி இரண்டு மழைக்காலத்தையும் இரண்டு கோடையையும் கடந்த பிறகே கேட்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நாள் நிற்கிறது, எந்த வழியாக வடிகிறது என்ற மூன்று கேள்விக்கும் ஒரே வரைபடத்தில், மட்டங்களோடு விடை காட்டாத விண்ணப்பத்தை அடுத்த சுற்றுக்கு அனுப்பாதீர்கள்.

இது கறாரான விதி என்று தோன்றலாம். ஆனால் இந்த நிலத்தின் இயல்பு அப்படி. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, 1934-இல் திறந்த கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பாசனத்துக்குப் பிரிகிறது. மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்துக்குப் போகிறது. மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குப் பின் வாய்க்கால்கள் உயிர் பெறுகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் அதே வாய்க்கால்கள் வெள்ளத்தை வெளியேற்றத் திணறுகின்றன. சித்திரையில் ஆறு மணலாகக் கிடக்கிறது. அதாவது, இங்கே ஒரு பூங்காவோ படித்துறையோ ஓராண்டுக்குள் மூன்று வெவ்வேறு இடங்களாக வாழ்ந்தாக வேண்டும். பாசன வாய்க்கால் மேட்டுப் பாங்காகவும் வடிகால் பள்ளத்திலும் ஓடுவது பொது வழக்கம். டெல்டாவிலோ பல வாய்க்கால்கள் மேற்பகுதியில் பாசனமாகவும் கீழ்ப்பகுதியில் வடிகாலாகவும் இரண்டு வேலையையும் செய்கின்றன. வெளியூரிலிருந்து வருகிற வடிவமைப்பாளருக்கு எல்லாமே சாக்கடை போலத் தெரியும். அதை மூடி மேலே நடைபாதை போடுவார், அல்லது தடுத்து அலங்காரக் குளமாக்குவார். முதலாவதில் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. இரண்டாவதில் கார்த்திகை மழைக்கு மேலத்தெரு முங்கும்.

இங்கே பழைய பணிகளே நல்ல பாடம். தஞ்சாவூரில் பெரிய கோயில் வளாகத்து மழைநீர் வீணாகாமல் சிவகங்கைக் குளத்துக்குப் போகும்படி அமைத்திருந்தார்கள். சேவப்பநாயக்கன் ஏரியிலிருந்தும் அந்தக் குளத்துக்கு நீர் வந்து, அங்கிருந்து நிலத்தடிச் சுடுமண் குழாய்கள் வழியாக அய்யன்குளம், சாமந்தான்குளம் வரை போயிருக்கிறது. ஜலசூத்திரம் என்று அதற்குப் பெயர். இவ்வளவு பெரிய வேலையில் படம் எடுப்பதற்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் மண்ணுக்கடியில். இன்றைய விருதுப் போட்டிக்கு யாராவது அனுப்பியிருந்தால் முதல் சுற்றிலேயே தள்ளியிருப்போம் என்று நினைக்கிறேன்.

மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகும் கடலோரப் பூங்காக்களின் திட்டங்களில் நர்சரியில் லாரியோடு கிடைக்கிற அலங்காரப் பனைகளும் கொனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டுச் செடி வேலியும்தான் வருகின்றன. பூவரசு, புங்கன், நீர்மருது, இலுப்பை, நாவல், கரையைப் பிடிக்க மூங்கிலும் நாணலும் என்று ஆற்றங்கரைக்கு இந்த ஊர் ஏற்கெனவே தேர்ந்து வைத்திருக்கும் பட்டியலை ஒருவர் ஏன் விட்டார் என்று நடுவர் கேட்க வேண்டும். விடக்கூடாது என்பதில்லை, விட்டதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

தொழில்முறைப் பிரிவில் இன்னொரு சிக்கல் வரும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டட வடிவமைப்பாளர்களுக்குப் பதிவு முறை இருக்கிறது. நிலவடிவமைப்பாளர்களுக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. இந்திய நிலவடிவமைப்பாளர் சங்கம் 2003-இல்தான் உருவானது. நம் பக்கத்தில் ‘லேண்ட்ஸ்கேப்பிங்’ என்றால் கொரியன் புல் விரிப்பது என்றே பொருள். எனவே பட்டம் உள்ளவர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று விதி வைத்தால் உங்களுக்கு ஆண்டுக்கு ஐந்தாறு விண்ணப்பம்கூட வராது. அதைவிட, இங்கே நடந்திருக்கும் மிகச் சிறந்த வேலைகள் வெளியே நின்றுவிடும்.

அதற்கு முத்துப்பேட்டையைக் காட்டலாம். பிரிட்டிஷ் காலத்தில் அலையாத்திக் காட்டைக் கூறு கூறாக முழுவதும் வெட்டினார்கள். வெட்டவெளியான சேற்று நிலம் வெயிலில் காய்ந்து அமிழ்ந்து தொட்டி போலப் பள்ளமானது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாகி, உப்பு ஏறி, எதுவும் முளைக்காத இடமாகிவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து செய்த தீர்வு, பெரிய வாய்க்கால் ஒன்றும் அதிலிருந்து சாய்கோணத்தில் பிரியும் கிளை வாய்க்கால்களுமாக மீன்முள் வடிவில் வெட்டியது. கடல் ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே போய், இறங்கும்போது உப்பை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறது. வாய்க்கால்களின் ஓரத்தில் நட்ட அலையாத்திக் கன்று பிழைக்கிறது. வாய்க்கால் வெட்டி மீன் பிடிக்கும் வழக்கம் அங்குள்ள மீனவர்களுக்குப் பல காலமாகவே உண்டு. சில அடி மட்ட வேறுபாட்டை வைத்து ஒரு காட்டையே திருப்பிக் கொண்டுவந்த இந்த வேலையை நிலவடிவமைப்பு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? ஆனால் எந்த அலுவலகத்தின் பெயர்ப்பலகையும் அதில் இல்லாததால், வடிவமைப்பு விருது என்ற பேச்சு வரும்போது யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை. வடிவமைப்பாளர் பெயர் இல்லாத பணிகளை ஊராட்சியோ, குடிமராமத்து செய்த விவசாயிகளோ, மூன்றாவது ஒருவரோ முன்மொழியலாம் என்று விதியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மாணவர் விருதுக்கு வருகிறேன். இதில்தான் அதிகக் கவனம் வேண்டும் என்பது என் கருத்து. தொழில்முறை விருது நடந்து முடிந்ததற்குச் சான்று கொடுக்கிறது. மாணவர் விருதோ அடுத்த பத்து ஆண்டுகளில் வரப்போகிறவர்களுக்கு எதைச் செய்தால் மதிப்பு என்று சொல்லிக்கொடுக்கிறது. அகில இந்திய அளவில் கட்டடக்கலை மாணவர் சங்கம், டெல்லியில் ஹுமாயூன் கல்லறைத் தோட்டச் சீரமைப்பில் பங்காற்றிய முகமது ஷாஹீரின் பெயரில் ஒரு நிலவடிவமைப்புக் கோப்பையை நடத்துகிறது. நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் அது தெரியும். போட்டி மனப்பான்மை மாணவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. குறைவது இடத்தை வாசிக்கும் பழக்கம்.

ஒரு மாணவர் ஆய்வரங்கில் பார்த்ததைச் சொல்கிறேன். கொடுத்த பணி, காவிரிக் கரையில் ஒரு பழைய படித்துறையையும் அதையொட்டிய படுகையையும் சீரமைப்பது. பெரும்பாலான ஷீட்களில் ஐரோப்பிய மரங்களின் நிழலில் வெள்ளைக்காரர்கள் சைக்கிள் ஓட்டினார்கள்; ஒன்றில் அன்னப்பறவைகூட நீந்தியது. மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி மட்டும் பென்சிலில் வரைந்த ஒரே ஒரு நீளமான வெட்டுத்தோற்றத்தை, அதாவது கரையைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது போன்ற வரைபடத்தை, கொண்டு வந்திருந்தார். படிகள் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருந்தார். நவம்பரில் மூன்றாம் படி, தையில் ஒன்பதாம் படி, மாசிக்கு மேல் கடைசிப் படிக்கும் கீழே மணல் என்று நீர்மட்டம் குறித்து, துணி துவைக்கிற பெண்கள் எந்த மாதம் எந்தப் படியில் நிற்கிறார்கள், வழுக்குவது எந்தப் படி, பிண்டம் கரைக்க வருபவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்பதையெல்லாம் ஓரத்தில் எழுதியிருந்தார். அவர் முன்வைத்த மாற்றம் சிறியது: இரண்டு படிகளின் அகலத்தைக் கூட்டுவது, உடைமாற்ற ஒரு மறைப்பு, படுகையில் இருக்கும் இரண்டு மருத மரங்களைச் சுற்றி மண்ணை ஏற்றாமல் விடுவது. “வழங்கும் முறையில் மெருகு போதாது” என்று மதிப்பெண் குறைத்தார்கள். வாதாடிப் பார்த்தேன், தோற்றேன். இன்று நிலைமை இன்னும் மோசம். மெருகான படத்தைக் கணினி சில நொடிகளில் செய்து கொடுத்துவிடுகிறது. படத்தின் அழகால் இனி இரண்டு மாணவர்களை வேறுபடுத்தவே முடியாது. களக் குறிப்பேட்டைக் கட்டாய இணைப்பாகக் கேளுங்கள். கறையும் சேறும் பட்டிருந்தால் குறைக்காதீர்கள்.

எதையும் கட்டாமல் விடுவதும் வடிவமைப்பு என்பதை மாணவர் பிரிவு ஏற்றுக்கொள்ள வேண்டும். சீனாவின் ஷென்யாங் நகரில் ஒரு கட்டடக்கலைப் பல்கலைக்கழகம் புறநகருக்கு இடம் மாறியபோது, கோங்ஜியான் யூ என்ற வடிவமைப்பாளர் வளாகத்துக்குள் நெல் வயலையே அமைத்தார். நடவும் அறுவடையும் மாணவர்கள் கையால். விளைந்த அரிசியைப் பொட்டலம் கட்டி விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். 2005-இல் மேலே சொன்ன அமெரிக்கச் சங்கம் அதற்கு விருது கொடுத்தது. இங்கே நாம் செய்வது நேர்மாறானது. முப்போகம் விளைந்த வயலில் கிராவல் அடித்து மேடாக்கி, கல்லூரி கட்டி, முன்னால் புல்தரை போட்டு, அதற்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சுகிறோம். இந்த ஊர் மாணவர் ஒருவர் வளாகத் திட்டத்தில் சம்பா வயலைச் சம்பா வயலாகவே விட்டு வந்து நின்றால், “இதில் உன் வடிவமைப்பு எங்கே?” என்று கேட்கிற ஆசிரியரை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். உங்கள் நடுவர் குழுவில் அந்தக் கேள்வி எழக்கூடாது.

விண்ணப்பங்களைத் தமிழிலும் எழுதலாம் என்று தெளிவாக அறிவியுங்கள். இது மொழிப்பற்றுக்காகச் சொல்வதல்ல. படுகை, திடல், கண்ணாறு, கடைமடை, தலைப்பு என்ற சொற்களை மாணவர் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ரிப்பேரியன் பஃபர்’ என்பது போல் ஏதோ ஒன்றாக மாற்றிவிடுகிறார்; அதில் அந்த நிலம் யார் கையில் இருக்கிறது, எந்த மாதம் முங்கும், அங்கே வாழை போடுவது யார் என்ற செய்திகள் எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன.

மற்ற நடைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாணவர் ஷீட்களில் பெயரும் கல்லூரியும் தெரியக்கூடாது. மாணவர்களிடம் கட்டணம் வாங்காதீர்கள். ஐந்து நடுவர்களில் ஒருவர் பாசனம் அறிந்த பொறியாளராகவும், ஒருவர் வடிவமைப்புத் துறைக்கு வெளியே இருந்து அந்த இடங்களை நாள்தோறும் பயன்படுத்துகிறவராகவும் இருக்கட்டும். தகுதியானது வராத ஆண்டில் பரிசை நிறுத்தி வையுங்கள்; முதல் இரண்டு ஆண்டுகளில் இதைச் செய்யத் துணிந்தால் மூன்றாம் ஆண்டு விண்ணப்பங்களின் தரம் உயரும். விருது பெறும் பணியின் பலகையில் வடிவமைப்பாளரோடு கொத்தனார், தோட்டப் பராமரிப்பாளர், மதகு திறக்கும் லஸ்கர் பெயர்களையும் பொறியுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை ஒரு யோசனை. மகாமகம் 2016-இல் நடந்தது, அடுத்தது 2028. அதற்கு முன் கும்பகோணத்துக் குளங்களையும் படித்துறைகளையும் அழகுபடுத்தப் பணம் வரும், வேலைகள் அவசரமாக நடக்கும். அந்த வேலைகளுக்கு 2028-இலேயே விருது கொடுத்துவிடாமல் 2030 வரை காத்திருங்கள். நடுவர்களை இரண்டு முறை அனுப்புங்கள்: ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்துகொண்டிருக்கும் ஒரு நாள் ஒரு முறை, அக்னி நட்சத்திரத்தில் நண்பகலில் ஒரு முறை.